சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை

காரைக்காலைப் பற்றிப் பேசச் சொன்னால் கோயில், கடல், பிரெஞ்சுக்காரர் காலம் என்று நிறைய இருக்கு. இந்த எபிசோட்ல நான் பேசப் போறது ரொம்பச் சின்ன விஷயம். தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாங்க நாலு தோழிகள் எங்க ஊர் டவுன்ல காலையிலிருந்து பொழுது சாயுற வரைக்கும் சும்மா சுத்தினோம். அந்த 'சும்மா'வைப் பற்றித்தான் பேச்சு.

ஊர் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனா புதுச்சேரி நகரம் வடக்கே 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. எங்களுக்குக் கிழக்கே கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு. 1739-ல் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1-ந் தேதி அவங்க நிர்வாகம் முடிஞ்சது. மொத்தப் பகுதியே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான், டவுன் அதுல ஒரு துண்டு. பாரதியார் சாலையில அம்மையார் கோயில், கைலாசநாதர் கோயில், நித்யகல்யாணப் பெருமாள் கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தா மஸ்தான் சாகிப் தர்கா, தேற்றரவு அன்னை ஆலயம். ஆட்டோ வேண்டாம், கால் போதும்.

நடக்கிறதுக்குச் சரியான காலமும் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை எங்களை வெளியே விடாது. பங்குனி பிறந்துட்டா வெயில் விடாது. நடுவுல மார்கழி, தை ரெண்டு மாசம்தான் எங்களுக்குக் கிடைக்கிற குளிர்காலம். குளிர்னா பெருசா நினைக்காதீங்க. 20 டிகிரிக்குக் கீழே போறதே அபூர்வம். ஆனாலும் காலையில பஸ்ல பாதிப் பேர் தலையில மப்ளர் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறவங்க இல்லை. மீன் விக்கிறாங்க, பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறாங்க, பேங்க்ல வரிசையில நிக்கிறாங்க. ஆனா வெளியே வரும்போது கையில ஏதாவது ஒரு காரணம் இருக்கும். கூடை, ஃபைல், அர்ச்சனைத் தட்டு, குழந்தை. ஆனி மாசம் மாங்கனித் திருவிழா அன்னைக்குப் பாருங்க, முந்தானையை விரிச்சு மாம்பழம் பிடிக்கிற பெண்கள்தான் தெரு முழுக்க. யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. அது சாமி காரியம். பொங்கல் சமயத்துல கார்னிவல் நடக்கும்போதும் அப்படித்தான். மலர்க் கண்காட்சி பார்க்கப் போறோம்னா போதும். காரணம் இருந்தா தெரு நமக்கும் சொந்தம். காரணம் இல்லாம போனா?

அதைப் பார்த்துடலாம்னுதான் கிளம்பினோம். ஒருத்தி டீச்சர். ஒருத்தி நாகூர்லேருந்து வாஞ்சூர், திருமலைராயன்பட்டினம் வழியா பஸ் ஏறி வந்தா. மூணாமவ பாரிஸ்லேருந்து லீவுக்கு வந்திருந்தா. 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னு எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இங்க நிறைய; அவ தாத்தாவும் அப்படித்தான். நாலாவது நான்.

முதல்ல டீக்கடை. நாலு டீ சொன்னோம். கடைக்காரர் கை தானா பார்சல் கவரை எடுத்தது. "கிளாஸ்லயே குடுங்கண்ணே, இங்கேயே குடிக்கிறோம்"னா டீச்சர். அவர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார், அப்புறம் பெஞ்சுல உட்கார்ந்திருந்த ரெண்டு பேரைப் பார்த்தார். அவங்க எழுந்து இடம் விட்டாங்க. மரியாதைதான், நான் குறை சொல்லலை. ஆனா தள்ளி உட்கார்ந்தாலே போதுமே, எதுக்கு எழுந்திரிக்கணும்?

அப்புறம் கடை கடையா வேடிக்கை. மத்தியானம் சாப்பாடு. அதுக்கப்புறம் அரசலாற்றங்கரையில போய் உட்கார்ந்தோம். தெரிஞ்ச ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "என்னம்மா, யாருக்காவது காத்திருக்கீங்களா?"ன்னார். "இல்லண்ணே, சும்மா." "சும்மாவா?" அந்த மனுஷனுக்கு அது பதிலாவே படலை. பாரிஸ்காரி சொன்னா: "அங்க எந்த பெஞ்சுலயும் எவ்வளவு நேரம் வேணாலும் உட்காரலாம்டி, யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா கூட உட்கார ஆள் இல்லை." அதுக்கு எங்க யாருகிட்டயும் பதில் இல்லை. நாகூர்க்காரி கொண்டுவந்த வாடாவைப் பிரிச்சு வச்சா.

சும்மா சுத்துறதுக்கும் கணக்கு வேணும், அதையும் சொல்லணும். எங்க கழிப்பறை கிடைக்கும்னு யோசிச்சுத்தான் பெண்கள் தண்ணியே குடிக்கிறோம். சாப்பிட ஹோட்டலைத் தேர்ந்தெடுத்ததே அதைப் பார்த்துத்தான், மெனுவைப் பார்த்து இல்லை. இன்னொண்ணு, இங்க மது விலை குறைவு. அதுக்காகவே வெளியூர் ஆண்கள் வர்றாங்க, ஞாயிறு சாயங்காலம் கேட்கவே வேண்டாம். எந்தத் தெருவுல பார் இருக்குன்னு எங்க தலைக்குள்ள ஒரு மேப் இருக்கு. அதைச் சுத்தித்தான் நடப்போம்.

2011-ல் ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூணு பேரும் சேர்ந்து மும்பையை வச்சு 'ஒய் லாய்ட்டர்?'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. பெண்களுக்குத் தெருவில பாதுகாப்பு மட்டும் போதாது, வேலை எதுவும் இல்லாம நிற்கிற உரிமையும் வேணும்ங்கிறது அவங்க வாதம். மும்பையில கூட்டத்துக்குள்ள மறைஞ்சுக்கலாம். நம்ம மாதிரி ஊர்ல எதிர்ல வர்ற மூணாவது ஆள் அப்பாவுக்குத் தெரிஞ்சவரா இருப்பார். சின்ன ஊர்ல தெரிஞ்ச முகங்கள்தான் நமக்குக் காவல், அவங்களேதான் நம்மைக் கேள்வியும் கேட்கிறாங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் சமாளிக்கணும்.

கடைசியா கடற்கரை. சுண்டல், மிளகாய் பஜ்ஜி, காத்து. பக்கத்துல ஒரு அம்மா ரெண்டு பொண்ணுங்களோட வந்து உட்கார்ந்தாங்க. "நீங்க எந்த ஊரு, கோயிலுக்கு வந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. திருநள்ளாறுக்கு வந்தவங்கன்னு நினைச்சிருப்பாங்க. "உள்ளூர்தான்கா, சும்மா வந்தோம்"னேன். சிரிச்சாங்க. "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு, கிளம்பலாம்னு எழுந்த பொண்ணுங்களை இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னாங்க.

இருட்டுறதுக்கு முன்னாடி நாகூர் பஸ்ஸைப் பிடிச்சுக் கொடுத்தோம். ஆளுக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகலை.

இதைக் கேட்கிற பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். பனி முடியறதுக்குள்ள ஒரு நாள் தோழிகளோட உங்க ஊர் டவுனுக்குப் போங்க. கூடை எடுத்துட்டுப் போகாதீங்க. எங்க உட்கார முடிஞ்சது, எங்க முடியலைன்னு எங்களுக்கு எழுதுங்க. ஆண்கள் கேட்டுட்டு இருந்தா, டீக்கடை பெஞ்சுல கொஞ்சம் தள்ளி உட்காருங்க, எழுந்து போக வேண்டாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.