காழியின் பதிவேட்டில் ஓர் ஊர்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

   

சற்று முன்னர் ஓராண்டு வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. வாசிக்கையில் சிலர் கண்ணயர்ந்ததையும் கண்டோம், குறை கூறவில்லை. ஆயினும் இத்தகைய வறண்ட பதிவேடுகளே காலம் செல்லச் செல்ல ஓர் ஊரின் உண்மையான சரித்திரமாகி விடுகின்றன. அதனை உஸ்மானியப் பேரரசின் காழி நீதிமன்றங்களைக் கொண்டு விளக்க விழைகின்றோம்.

உஸ்மானிய ஆட்சியில் நாடு பல ‘கழா’க்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நம் வட்டத்தை ஒத்த பிரிவு அது. ஒவ்வொரு கழாவுக்கும் ஒரு காழி. அவருக்கென ஒரு மஹ்கமா. அங்கே நாள்தோறும் எழுதப்பெறும் ஒரு பதிவேடு. அதற்கு ‘சிஜில்’ என்று பெயர். சூரத்துல் அன்பியாவை ஓதுவோருக்கு இச்சொல் புதியதன்று. இஸ்தான்புல் நகரத்து நீதிமன்றங்களின் சிஜில்கள் மட்டுமே ஏறத்தாழ 10,000 தொகுதிகள்; அந்நகர முஃப்தி அலுவலகத்தின் ஆவணக் காப்பகத்தில் அவை பேணப்பட்டு வருகின்றன. துருக்கியில் ஷரீஅத் நீதிமன்றங்கள் 1924இல் கலைக்கப்பட்டன. ஏடுகள் எஞ்சி நின்றன.

அவற்றில் இருப்பவை கொலையும் கொள்ளையும் மட்டும்தானா எனில், இல்லை. வீடு விற்றது, கடன் கொடுத்தது, அநாதைப் பிள்ளைக்குக் காப்பாளர் நியமித்தது, வக்ஃபு கணக்கைச் சரிபார்த்தது, அண்டை வீட்டான் சுவர் எழுப்பி வெளிச்சத்தை மறைத்தது ஆகிய யாவும் உண்டு. கடைத்தெரு விலையை நிர்ணயிப்பதும் காழியின் பொறுப்பே. 1640ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் எழுதப்பெற்ற விலைப் பதிவேடு, உணவுப் பொருள்கள் முதல் காலணிகள் வரை இன்ன பொருள் இன்ன விலை என்று அடுக்கிச் செல்கின்றது. அரண்மனைச் சரித்திரம் எழுதியோர் எவரும் செருப்பின் விலையைச் சொல்லவில்லை. காழியின் எழுத்தர் சொல்லியிருக்கின்றார்!

ஒவ்வொரு பதிவின் அடியிலும் அவையில் இருந்த சாட்சிகளின் பெயர்கள் உண்டு. பல வேளைகளில் அந்த மஹல்லாவின் இமாமும் அவர்களுள் ஒருவராயிருப்பார். இஸ்தான்புல்லில் 1829இல் ‘முஹ்தார்’ என்னும் பதவி ஏற்படுத்தப்படும் வரை மஹல்லாவின் தலைமைப் பொறுப்பு இமாமிடமே இருந்தது. தொழுகை நடத்துவதோடு இமாமின் வேலை முடிந்தது என்று எண்ணுவோருக்காக இதனைக் குறிப்பிடுகின்றோம்.

அனத்தோலியாவின் கைசேரி நகரத்து ஏடுகளை ரொனால்ட் ஜென்னிங்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்து, 1970களில் கட்டுரைகள் வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஏடுகள் அவை. பெண்கள் தாமே மஹ்கமாவுக்கு வந்து நிலம் விற்றிருக்கின்றார்கள், வாங்கியிருக்கின்றார்கள், கடன் கொடுத்திருக்கின்றார்கள். வாரிசுப் பங்கைத் தர மறுத்த நெருங்கிய உறவினர்கள் மீதே வழக்குத் தொடுத்திருக்கின்றார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் அது நடந்தது. இன்று நம் வீடுகளில் சகோதரியின் பங்கு எவ்வாறு ‘விட்டுக் கொடுக்க’ வைக்கப்படுகின்றது என்பதை யாம் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

கிறிஸ்தவர்களும் யூதர்களும் தத்தம் சமூகத் தலைவர்களிடம் செல்ல வழியிருந்தும், காழியிடம் வந்திருக்கின்றார்கள். ஜெரூசலம் யூதர்களின் 16ஆம் நூற்றாண்டு வாழ்க்கையை அம்னோன் கோஹன் என்னும் ஆய்வாளர் அந்நகரத்துச் சிஜில்களைக் கொண்டே எழுதினார். அதே வேளையில், முஸ்லிமுக்கு எதிராக முஸ்லிமல்லாதாரின் சாட்சியம் ஏற்கப்படவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. மஹ்கமாவில் கட்டணமும் உண்டு. ஏழைக்கு அது பாரமே.

இனி ஒரு வழக்கைச் சற்று விரிவாகக் காண்போம். அய்ன்தாப் என்னும் ஊர், இன்றைய காசியான்டெப். அவ்வூரின் 1540, 1541ஆம் ஆண்டுகளின் ஏடுகளைக் கொண்டு லெஸ்லி பியர்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஹாஜியா ஸபாஹ் என்னும் பெண்மணி வருகின்றார். ஹஜ்ஜுச் செய்தவர் என்பது பெயரிலேயே தெரிகின்றது. பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் கல்வி கற்பித்துப் பிழைத்து வந்தவர். இப்ராஹீம் என்னும் ஆடவரைத் தம் இல்லத்தில் பெண்களிடையே அமர்த்திப் பாடம் சொல்லச் செய்தார், வழிகெட்ட கொள்கையைப் பரப்புகின்றார் என்று அவர் மீது புகார் எழுந்தது. அய்ன்தாப் உஸ்மானியர் வசம் வந்தது 1516இல்; கிழக்கே ஈரானின் ஸஃபவிகளுடன் பகை. அவர்களின் ஆதரவாளர்கள் எங்கேனும் மறைந்திருப்பார்களோ என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்த காலம் அது. ஹாஜியா ஸபாஹ் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்.

தீர்ப்புச் சரியா, தவறா என்று இத்தனை காலத்திற்குப் பின் நாம் கூற முற்படவில்லை. ஆணும் பெண்ணும் கலந்திருந்ததே குற்றமா, கொள்கையே குற்றமா, அன்றி ஒரு பெண் ஊரில் பெற்றிருந்த செல்வாக்கே சிலருக்குப் பொறுக்கவில்லையா என்பதை ஏடு தெளிவாக்கவில்லை. ஆனால் அவருடைய வாக்குமூலம் எழுதப்பட்டிருக்கின்றது. குற்றம் சாட்டியோர் கூற்றோடு குற்றம் சாட்டப்பட்டவரின் கூற்றையும் எழுத்தர் எழுதி வைத்தார். அதனாலன்றோ இன்று அவருக்காகவும் ஒரு கேள்வி எழுப்ப இயலுகின்றது! நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் முடிவு மட்டும் எழுதப்படுகின்றது. எவர் என்ன சொன்னார் என்பது எழுதப்படுவதில்லை.

சிஜில்களில் திரும்பத் திரும்ப வருவது மஹர். நிகாஹின்போது உடனே தரப்பட்ட தொகை எவ்வளவு, பின்னர் தருவதாக நிறுத்தி வைக்கப்பட்ட தொகை எவ்வளவு என்பது தெளிவாக இருந்தால், தலாக்கின்போது அப்பெண் காழியின் முன் நின்று அதனைக் கேட்டாள். கணவன் இறந்தால் அது மய்யித்தின் கடன். சொத்து வாரிசுகளுக்குப் பிரிக்கப்படும் முன் அது கொடுபட்டாக வேண்டும். தானாகவே பிரிய விரும்பிய பெண் குல்உ கோரி, அந்த மஹரை விட்டுக் கொடுத்து விடுதலை பெற்ற பதிவுகளும் ஏராளம். கடனை எழுதிக் கொள்ளுமாறு பணிக்கின்ற பகரா சூராவின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதை ஹாஃபிழ்கள் அறிவர்.

நம் நாட்டில் நிலைமை வேறு. காழிகளை அரசு நியமிப்பதை 1864ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. 1880ஆம் ஆண்டின் காழிகள் சட்டம் நியமனத்திற்கு மீண்டும் வழி செய்ததேயன்றி, தீர்ப்பளிக்கும் அதிகாரம் எதனையும் அவர்களுக்குத் தரவில்லை. எனவே நம்மிடம் சிஜில் இல்லை. நிகாஹ் தப்தர் இருக்கின்றது. அதில் மஹர் என்னும் இடத்தில் ஒரு தொகை மட்டும் எழுதப்படுகின்றது. கொடுபட்டதா, பாக்கியா என்று இராது. பெண்ணுக்குப் பெற்றோர் போட்ட நகை எத்தனை பவுன் என்பது எங்கும் இராது. பின்னர் பிணக்கு வந்து இரு வீட்டாரும் இதே பள்ளிவாசலில் வந்து அமர்கையில், பெண் வீட்டார் நாற்பது என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் இருபத்தைந்து என்பார்கள். தப்தரை விரித்தால் அது மௌனம் சாதிக்கும்.

ஆதலால் முத்தவல்லி அவர்களிடமும் நிர்வாகக் குழுவினரிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கின்றோம். புதிய தப்தர் அச்சிடுகையில் நான்கு பத்திகள் கூடுதலாக வேண்டும்: கொடுபட்ட மஹர், பாக்கி மஹர், பெண்ணின் உடைமையாக வந்த நகையின் எடை, மணப்பெண்ணே இடும் கையொப்பம். இதற்கு ஆகும் அச்சுச் செலவு சொற்பமே. பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பழைய தப்தர்கள் ஓரங்கள் உதிரத் தொடங்கியுள்ளன. அவற்றையும் ஒருமுறை படியெடுத்து வைத்தல் நலம். குழு இசைந்தால், வரும் ஷவ்வால் மாத நிகாஹ்களிலிருந்தே, இன்ஷா அல்லாஹ், தொடங்கி விடலாம்.