நம் இதழ் எதைக் கொடுக்கப் போகிறது?

(ராஜபாளையத்தில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிற நீங்கள் சேர்ந்து ஓர் இதழ் தொடங்குகிறீர்கள். பெயர் வைத்தாயிற்று, அட்டையும் தயார். உள்ளே என்ன போடுவது என்பதில்தான் இழுபறி என்றீர்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். படித்து முடித்தவர் கையில் என்ன மிஞ்ச வேண்டும்?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயராக வைத்தார். ஏழையும் வாங்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்தது. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. சித்த மருத்துவரான அவர் அதில் வரலாறும் பௌத்தமும் அரசியலும் எழுதினார், வாசகர் கேட்ட ஐயங்களுக்குப் பதில் சொன்னார். 'நீ தாழ்ந்தவன்' என்று சொல்லி வைத்த கதைக்கு எதிராக வேறொரு வரலாற்றைக் கொடுத்தார்.

1920 ஜனவரி 31 அன்று பம்பாயில் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தது. ஊமைகளின் தலைவன் என்று பொருள். காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. பிறர் பத்திரிகையில் நமக்கு இடம் இல்லை, ஆகவே நமக்கென்று ஒன்று வேண்டும் என்ற முடிவுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஈரோட்டில் 1925 மே 2 அன்று தொடங்கிய 'குடிஅரசு', 1927 டிசம்பரில் பெரியாரின் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை நீக்கியது. ஊருக்குச் சொல்வதை முதலில் தன் பெயரிலேயே செய்து காட்டினார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ராஜபாளையத்தில் நூற்பாலைகள் இருக்கின்றன. பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் தறிக்காரரும் மில்லுக்குப் போகும் பெண்ணும் நம் இதழை ஏன் வாங்க வேண்டும்? 'சாதியை ஒழிப்போம்' என்று நாம் பத்துப் பக்கம் எழுதலாம். அவர் மகனைச் சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள் என்றால், அன்றிரவு அவருக்கு வேண்டியது வேறு.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். நிவாரணத் தொகை பெறும் உரிமையும் உண்டு. இவை சட்டத்திலும் விதிகளிலும் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குப் பேருந்து ஏறும் குடும்பத்துக்கு இவை தெரிந்திருக்க வேண்டும். இதை எளிய தமிழில் ஒரு பக்கத்தில், ஒவ்வோர் இதழிலும் போடுங்கள். அலுக்காமல் போடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு எழுதுவது எப்படி, கல்வி உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ்கள் வேண்டும் என்பதும் அப்படியே. இதெல்லாம் அரசியல் இல்லையா என்று கேட்பீர்கள். அதிகாரி முன்னால் கைகட்டி நிற்பவர், சட்டப் பிரிவைச் சொல்லி நிமிர்ந்து நிற்பதைவிடப் பெரிய அரசியல் எது?

எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் முடிவு செய்யுங்கள். அடிபட்டவரின் உடலை அட்டையில் போடாதீர்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பெயரும் படமும் வேண்டாம். நம் மக்கள் அடி வாங்கியதை மட்டுமே மாதாமாதம் எழுதினால், நாமே அவர்களை வெறும் பிணங்களாகக் காட்டுகிறோம். அவர்கள் நெய்கிறார்கள், படிக்கிறார்கள், பாடுகிறார்கள், காதலிக்கிறார்கள். அதற்கும் பக்கம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று கடினமானது. உங்கள் குழுவில் பல சாதிகளில் பிறந்தவர்கள் இருக்கிறீர்கள். அவரவர் வீட்டில், தெருவில், கோயில் திருவிழாவில் சாதி எப்படி நடக்கிறது என்று அவரவரே எழுதுங்கள். சேரியின் துயரத்தை எழுதுவதைவிட, ஊர்த்தெருவில் பிறந்தவர் தன் வீட்டுத் தனிக்குவளையைப் பற்றி எழுதுவது கடினம். அந்தப் பக்கம்தான் பகையைக் கொண்டுவரும், மாற்றத்தையும் அதுதான் கொண்டுவரும்.

முதல் இதழ் அச்சானதும் கடைக்கு அனுப்பும் முன் சத்திரப்பட்டிக்கு எடுத்துப் போங்கள். ஒரு தறிக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். இரண்டாவது இதழை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.