பெட்டி கேட்டார்கள், பை செய்தார்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியரான வைத்தியர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டபோது மண்டபத்துக்குப் புதுக் கூரை, வாயிலுக்கு வளைவு, கணினி அறைக்குக் குளிரூட்டி என்று பல யோசனைகள் வந்தன. எல்லாம் தேவையானவைதான். வைத்தியத் துறையில் இருக்கும் நாங்கள் சிலர் வேறொன்றைக் கேட்டோம். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் தங்கைமார், பாடசாலைக்கு வெளியே உள்ள ஒருவரின் உண்மையான தேவைக்காக ஆண்டுக்கு ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து கொடுக்க வேண்டும். அதற்கு நாங்கள் துணை நிற்க வேண்டும். ஏன் அப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறோம்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு விடயத்திலிருந்து தொடங்குகிறோம். குறை மாதத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தோல் மெல்லியது. உடல் நிறையோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம். சூடு உண்டாக்கும் கொழுப்பும் குறைவு. பெரியவர்களுக்கு இதமாக இருக்கும் அறையிலும் அந்தப் பிள்ளை குளிர்ந்துபோகும். உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை வரை இருக்க வேண்டும். குறைந்தால் பால் குடிக்காது, மூச்சுத் திணறும், தொற்று எளிதில் பிடிக்கும். வைத்தியசாலையில் இதற்கென இன்குபேட்டர் இருக்கிறது. 2007 அளவில் அதன் விலை 20,000 அமெரிக்க டொலர் வரை போனது.

2007 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர் என்பவர்கள் அவர்கள். ஒருவர் வணிக முகாமைத்துவம், ஒருவர் கணினி, மற்ற இருவர் பொறியியல். பணிக்கர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் போனவர். வறிய மக்களுக்கான பொருள்களை வடிவமைக்கும் பாடநெறி அது. அதில் வெளியிலுள்ள நிறுவனங்கள் தங்கள் தேவையை மாணவர்முன் வைக்கும். அந்த ஆண்டு இவர்களுக்குக் கிடைத்த வேலை, நேபாளத்துக்கு ஏற்ற மலிவான இன்குபேட்டர். விலை வழக்கமானதில் நூற்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்து, எந்தப் பாகத்தை மலிவாக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் புள்ளிகள் கிடைத்திருக்கும். லியாங் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தார். நகரத்து வைத்தியசாலையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் வெறுமையாக நின்றன. ஏன் என்று கேட்டார். குளிர்ந்துபோகும் பிள்ளைகள் பிறப்பது தூரத்துக் கிராமங்களில். பலர் வைத்தியசாலைக்கு வந்து சேர்வதே இல்லை என்று பதில் கிடைத்தது. இருந்த பெட்டிகளே வெறுமையாகக் கிடக்கும்போது இன்னும் மலிவான பெட்டி எதற்கு?

திரும்பி வந்ததும் குழுவுக்குள் விவாதம் நடந்தது. கேட்டதைச் செய்வதா, தேவையைச் செய்வதா? இரண்டாவதைத் தெரிந்தார்கள். மின்சாரம் இல்லாத வீட்டிலும், தாயின் கையிலும் பிள்ளையைச் சூடாக வைத்திருக்கும் ஒரு பொருள் வேண்டும். இப்படி உருவானதுதான் 'எம்ப்ரேஸ்'. சிறிய உறங்கு பை போன்றது. அதன் முதுகுப் பக்கத்தில் மெழுகு போன்ற ஒரு பொருள் அடைத்த உறை செருகப்படும். சூடாக்கி உருக்கிய அந்த மெழுகு மெல்ல மெல்ல இறுகும்போது, சில மணித்தியாலங்களுக்கு ஏறத்தாழ 37 பாகை வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். பை ஆனபடியால் கழுவலாம், மடிக்கலாம், பிள்ளையோடு தூக்கிப் போகலாம்.

பாடநெறி முடிந்தது. வேலை முடியவில்லை. 2008 இல் அமைப்பாகப் பதிந்து, பின்னர் இந்தியாவுக்கு வந்து பெங்களூரில் இருந்து வேலை செய்தார்கள். 2011 இல்தான் பொருள் பாவனைக்கு வந்தது. வகுப்பறையிலிருந்து தொட்டிலுக்குப் போக நான்கு ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் நடந்த ஒன்றை எங்கள் தங்கைமார் கட்டாயம் கேட்க வேண்டும். உறையின் சூட்டைக் காட்ட முதலில் எண்கள் இருந்தன. 37 வரும்வரை சூடாக்க வேண்டும். இந்தியக் கிராமம் ஒன்றில் தாய் ஒருத்தி சொன்னாள்: இங்கிலீஷ் மருந்து உரம் கூடியது, வைத்தியர் ஒரு கரண்டி சொன்னால் நாங்கள் அரைக் கரண்டி கொடுப்போம், அதுபோல் இதையும் 37க்குப் பதிலாக 30 அளவில் நிறுத்துவோம். பிள்ளை மேலுள்ள பாசத்தால் சொன்ன பேச்சு அது. எங்கள் ஊர்க் கிளினிக்கிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம். வடிவமைப்பாளர்கள் அவளைக் குறை சொல்லவில்லை. எண்ணை எடுத்துவிட்டுச் 'சரி' அல்லது 'சரியில்லை' என்று மட்டும் காட்டும் அடையாளத்தை வைத்தார்கள்.

இன்னொரு உதாரணம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக இளமாணிப் பட்ட மாணவர்கள், மூச்சுத் திணறும் சிசுக்களுக்கு அழுத்தக் காற்றுக் கொடுக்கும் கருவி ஒன்றை வடிவமைத்தார்கள். முதல் மாதிரியில் இருந்தவை மீன் தொட்டிக்குப் பாவிக்கும் காற்றுப் பம்பிகள். மலாவி நாட்டின் பிளான்டயர் நகரிலுள்ள குயின் எலிசபெத் மத்திய வைத்தியசாலையில் அதைப் பரிசோதித்தார்கள். 2014 இல் வெளியான ஆய்வின்படி, ஒட்சிசன் மட்டும் பெற்ற பிள்ளைகளில் 44 வீதமும், இந்தக் கருவியில் வைக்கப்பட்டவர்களில் 71 வீதமும் பிழைத்தார்கள். தாதியரும் வைத்தியரும் பக்கத்தில் நின்று 'இது வேண்டாம், இப்படி வேண்டும்' என்று சொல்லாமல் அந்தப் பம்பி வார்டுக்குள் போயிருக்காது.

வைத்தியர்களாகிய நாங்கள் பெரும்பாலும் நிற்பது கேட்பவர் பக்கத்தில். ஆகவே கேட்பவரின் கடமையையும் சொல்கிறோம். 'எனக்கு இன்ன பொருள் செய்து தாருங்கள்' என்று விடையை முன்னே வைக்கக்கூடாது. 'எனக்கு இன்ன கஷ்டம்' என்று வைக்க வேண்டும். பிள்ளைகள் வந்து பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். 'பிள்ளைகள் பாவம், நல்லா இருக்கு' என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பொருள் அலுமாரிக்கு மேலே போய்விடும். பிள்ளைகளும் ஒன்றும் கற்றிருக்கமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நோயாளியின் உடலில் பொருத்தும் எதையும் பாடசாலைப் பிள்ளைகள் செய்யக்கூடாது. அதற்கு நீண்ட பரிசோதனையும் அனுமதியும் வேண்டும். சிசுவைச் சூடாக வைப்பதற்கே, பையைவிடப் பழைய வழி ஒன்று இருக்கிறது: தாயின் நெஞ்சு. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகொட்டா நகர வைத்தியர்கள், இன்குபேட்டர் போதாத நிலையில் பிள்ளையைத் தாயின் தோலோடு தோலாகக் கட்டிவைத்தார்கள். 2022 இல் உலக சுகாதார நிறுவனம், குறை மாத, குறை நிறைப் பிள்ளைகளுக்கு அதைப் பிறந்ததும் தொடங்கும்படி பரிந்துரைத்தது. ஆகவே நல்ல வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டியது, 'புதுப் பொருள் ஒன்று வேண்டுமா?' என்பதைத்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு வேலை பக்கத்திலேயே இருக்கிறது. கிளினிக் கட்டிலில் ஏறக் கஷ்டப்படும் கர்ப்பிணிக்கு ஒரு படி. கை நடுங்கும் பெரியம்மாவுக்குக் காலை, பகல், இரவு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய மாத்திரைப் பெட்டி. நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் பெண்ணுக்கு ஏற்ற உயரத்தில் ஒரு மேசை. மடவளை பஸாரில் ஒரு மணித்தியாலம் நடந்தால் இப்படிப் பத்துக் காணலாம்.

'பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பட்டறை வேலை சரிவராது' என்று சில வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். தொழினுட்பப் பிரிவு 2013 இல் உயர்தரத்துக்கு வந்தது. அதைத் தெரிவு செய்யும் எங்கள் பிள்ளைகள், பெறுபேறு வந்தபின் எங்கே போவது என்று தெரியாமல் வீட்டோடு நிற்பதை நாங்கள் காண்கிறோம். 1950 இல் கொழும்பில் ஆரம்பித்து 1964 இல் பேராதனைக்கு வந்த பொறியியல் பீடம், எங்களுக்குக் கண்டியில் பஸ் மாறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பல பிள்ளைகளுக்கு அது வெகு தூரம். தான் செய்த மேசையில் ஒருத்தி முதுகு வலியின்றித் தைப்பதைக் கண்ட பிள்ளைக்கும், அவளுடைய வாப்பா உம்மாவுக்கும், அந்தத் தூரம் குறையும் என்று நம்புகிறோம்.

சங்கத்திடம் நாங்கள் கேட்பவை மூன்று. ஒன்று, ஆண்டுதோறும் மரம், இரும்பு, கருவிகள் வாங்க ஒரு சிறு நிதி. இரண்டு, பிள்ளைகள் வெளியே போகும்போது ஆசிரியையோடு கூடப் போகப் பழைய மாணவி ஒருவர். பெற்றோர் பயமின்றி அனுப்புவதற்கு இது முக்கியம். மூன்று, எழுத்தில் ஓர் உடன்பாடு: பொருள் எப்போது கையளிக்கப்படும், உடைந்தால் யார் திருத்துவது, அந்த வகுப்புப் பரீட்சை எழுதிப் போனபின் யார் பொறுப்பு. வைத்தியசாலைகளில் நன்கொடைக் கருவிகள் தூசி படிந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவது இல்லாததே காரணம்.

கட்டாரிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருக்கும் சகோதரிகளே, காசோடு சேர்த்து உங்கள் தொழில் அனுபவத்தையும் தாருங்கள். மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் தொலைபேசியில் ஒரு குழுவோடு பேசினால் போதும். விருப்பமுள்ளவர்கள் போகுமுன் செயலாளரிடம் பெயரையும், நீங்கள் செய்யும் தொழிலையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த தவணையில் முதல் குழுவைத் தொடங்குவோம்.