பெயர்த்தகடு இல்லாத துண்டு



எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள். கல்யாண வீட்டில் நம் குண்டான் பத்துக் குண்டானோடு கலந்துவிட்டாலும் எழுத்தைப் பார்த்து எடுத்துவந்துவிடலாம். கடலில் ஒதுங்கிய விமானத் துண்டிலும் அப்படி எழுத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பெரிதும் மதிக்கும் அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

2015 ஜூலை 29. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு. கடற்கரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் ஆளுயரத்துக்கு ஒரு இறக்கைத் துண்டைக் கண்டார்கள். படகடியில் ஒட்டி வளருமே, கொட்டலசு, அது அந்தத் துண்டு முழுக்க அப்பியிருந்தது. 2014 மார்ச் 8-ல் 239 பேரோடு காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச்.370-தான் என்று ஊரெல்லாம் பேச்சு. பரிசோதித்தவர்கள் மட்டும் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை.

துண்டில் 657பிபி என்று அச்சிட்டிருந்தது. போயிங் பராமரிப்புக் கையேட்டில் அது 777 விமானத்தின் வலது இறக்கையில் உள்ள ‘ஃபிளாப்பரான்’ என்ற அசையும் பாகத்துக்கான குறி. ஆக, ரகம் தெரிந்துவிட்டது. எந்த விமானம்? அதைச் சொல்லவேண்டிய பெயர்த்தகடு கழன்று போயிருந்தது. துண்டைப் பிரான்சுக்குக் கொண்டுபோய் அதன் உள்கூட்டுக்குள் கேமரா குழாயை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே எண்கள் இருந்தன. கூட்டி மூடிவிட்டால் யார் கண்ணிலும் படாத இடத்தில், வேலை செய்தவர்கள் விட்டுப்போன எண்கள். ஸ்பெயினில் அந்தப் பாகங்களைச் செய்த நிறுவனத்தின் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டதில் ஒன்று பொருந்தியது. செப்டம்பர் 3-ல்தான் பிரெஞ்சுத் தரப்பிலிருந்து ‘உறுதி’ என்ற சொல் வெளியே வந்தது. 36 நாள். அதற்குள் சொல்லச்சொல்லி எத்தனை நெருக்கடி இருந்திருக்கும்!

அடுத்த ஆண்டு தான்சானியாவின் பெம்பா தீவில் ஒதுங்கியது இறக்கையின் ஃபிளாப் பகுதி. அதில் ஒரு தேதி முத்திரை: 2002 ஜனவரி 23. அந்த விமானம் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது 2002 மே 31. இத்தாலியத் தயாரிப்பாளரின் பதிவில் துண்டிலிருந்த எண்கள் எல்லாம் ஒரே ஃபிளாப்பைக் காட்டின. ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் அதோடு விடவில்லை. துண்டின் உட்புறத்தில் தாங்குசட்டம் இடித்த தடத்தைப் பார்த்து, முறியும் நேரத்தில் ஃபிளாப் நீட்டப்படாமல் உள்ளே மடங்கியே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். தரையிறங்கும்போது விமானி நீட்டுகிற பாகம் அது.

மொசாம்பிக்கில் கிடைத்த சின்னத் துண்டில் ‘மிதிக்காதே’ என்ற ஆங்கில எச்சரிக்கையும் மிஞ்சிய ஒரு பொருத்தாணியும்தான் இருந்தன. எழுத்தின் வடிவம் மலேசிய நிறுவனம் பயன்படுத்தும் அச்சோடு ஒத்தது. தனி எண் இல்லை. ஆகவே ‘ஏறத்தாழ உறுதி’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கையில் இருக்கும் ஆதாரத்தின் எடைக்குச் சரியாகச் சொல்லை நிறுக்கிறார்களே, இந்தக் கலையில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தத் தராசு சாய்வதும் உண்டு. 1937-ல் பசிபிக் கடல்மேல் மறைந்த விமானி அமீலியா இயர்ஹார்ட்டைத் தேடியவர்கள், 1991-ல் நிக்குமரோரோ தீவில் ரிவெட் துளைகளுள்ள ஒரு அலுமினியத் தகட்டை எடுத்தார்கள். அவருடைய விமானத்தில் ஜன்னலை மூடி அடித்த ஒட்டு இதுதான் என்று பல ஆண்டு நம்பினார்கள். கடைசியில் அந்த ரிவெட் வரிசை டக்ளஸ் சி-47 விமானத்தின் இறக்கையில் போய்ப் பொருந்தியது. முதலிலேயே முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு துளையை எண்ணினால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது.

நம் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 போய்ச்சேரவில்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்தது. கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர். எண்ணைத் துடைத்துப் படிக்கக் கை எட்டாத ஆழம். படத்தில் தெரியும் வடிவம் மட்டும்தான் சாட்சி. அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்ததாகப் பதிவும் இல்லை. 2024 ஜனவரியில், ஏழரை ஆண்டு காத்திருந்த குடும்பங்களுக்கு அரசு சொன்னது: படங்கள் ஏ.என்.-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன.