சிலேத்தார் வழக்கும் யாரும் படிக்காத அட்டவணையும்



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும்படி கடிதம் வந்தபோது மகிழ்ந்தேன். கட்டுரை வாசிப்பவர்களின் பட்டியல் பின்னால் வந்தபோது மகிழ்ச்சி கொஞ்சம் குறைந்தது. விமானக் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டு உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம். அனைத்துலகச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் மறுபக்கம். இரு தரப்பையும் ஒரே உரையில் கோபப்படுத்தாமல் இருப்பது கடினம். முயல்கிறேன், உறுதி தரமாட்டேன்.

அழைப்பிதழில் கண்ட பொருள் தரையிறங்கு வழிகாட்டிக் கருவிகளும் அண்டை நாடுகளின் வான்வெளித் தகராறுகளும். அடிப்படைகளை இந்த அவையில் விளக்கப் புகுவது மரியாதை ஆகாது. ஐ.எல்.எஸ். என்னும் வழிகாட்டிக் கருவியின் ஓர் அலைக்கற்றை ஓடுபாதையின் நடுக்கோட்டையும், இன்னொன்று இறங்கு சரிவையும் காட்டும். 90, 150 ஹெர்ட்ஸ் தொனிகள் இரண்டும் சமமாக இருக்கும் கோட்டில் விமானம் வர வேண்டும். சரிவு வழக்கமாக 3 பாகை, அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 52 மீட்டர். முதல் வகை அணுகுமுறையில் 200 அடிக்கு இறங்கியும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலேறிவிட வேண்டும். இன்னொரு பக்கம், 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்கிறது. பொதுப் பார்வை இவ்வளவு போதும். மீதியை அமர்வுகளில் பேசுபவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நான் சிலேத்தாருக்குப் போகிறேன். நான் அங்கேதான் போவேன் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

சிங்கப்பூரின் வடகிழக்கில், ஜொகூர் நீரிணை ஓரத்தில் இருப்பது சிலேத்தார் விமான நிலையம். 1928இல் பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. நீரிணைக்கு அப்பால், சில கிலோமீட்டரில், மலேசியாவின் தொழில் நகரமும் துறைமுகமுமான பாசிர் கூடாங். வடக்கிலிருந்து இறங்கும் விமானம் அந்த ஊரின் மேலாகத்தான் வரவேண்டும். மலேசியாவின் ஃபயர்ஃபிளை நிறுவனம் தன் ஏ.டி.ஆர். விமானங்களைச் சாங்கியிலிருந்து சிலேத்தாருக்கு மாற்ற இருந்த நேரத்தில், 2018 டிசம்பர் 1 அன்று, சிங்கப்பூர் புதிய ஐ.எல்.எஸ். நடைமுறைகளை வெளியிட்டது. நடப்புக்கு வரும் நாள் 2019 ஜனவரி 3. வெளியிட்டு மூன்று நாள் கழித்து மலேசியப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்த நடைமுறை பாசிர் கூடாங்கில் கட்டடங்களின் உயரத்துக்கும் துறைமுகப் பணிகளுக்கும் விலங்கு போடுகிறது என்றார். தெற்கு ஜொகூரின் மேல் சிங்கப்பூரிடம் ஒப்படைத்திருந்த வான்வெளியையும் திரும்பப் பெறுவோம் என்றார். சிங்கப்பூர் அமைச்சர் காவ் பூன் வான், விமானங்கள் பல காலமாகப் பறக்கும் பாதைதானே இது, புதிதாக என்ன வந்துவிட்டது என்று கேட்டார். முன்கூட்டியே கலந்து பேசினோம் என்றது ஒரு தரப்பு. ஒப்புதல் தரவே இல்லை என்றது மறு தரப்பு. மலேசியா பாசிர் கூடாங்கின் மேல் 2,000 முதல் 5,000 அடி வரை நிரந்தரத் தடைப் பகுதி அறிவித்தது. ஃபயர்ஃபிளை சிங்கப்பூருக்குப் பறப்பதை நிறுத்திவிட்டது.

பிறகு நடந்ததும் தெரிந்ததே. 2019 ஜனவரி 8 அன்று வெளியுறவு அமைச்சர்கள் விவியன் பாலகிருஷ்ணனும் சைஃபுதீன் அப்துல்லாவும் சந்தித்து ஐ.எல்.எஸ். நடைமுறைகளையும் தடைப் பகுதியையும் ஒரு மாதம் நிறுத்திவைக்க ஒத்துக்கொண்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் சிங்கப்பூர் ஐ.எல்.எஸ். நடைமுறைகளைத் திரும்பப் பெற்றது. மலேசியா தடைப் பகுதியைக் காலவரையின்றி நிறுத்தியது. ஐ.எல்.எஸ். நடைமுறைகளுக்குப் பதிலாக ஜி.பி.எஸ். வழி அணுகுமுறையை இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வகுப்பது என்று முடிவாயிற்று. அதே மாதம் ஃபயர்ஃபிளை மீண்டும் பறந்தது.

இந்த வழக்கைப் பற்றி நம் துறையில் இரண்டு கருத்துகள் வேரூன்றிவிட்டன. இரண்டையும் நான் ஏற்பதில்லை.

முதலாவது பொறியாளர் தரப்பு. சிலேத்தார் வெறும் தொழில்நுட்ப விஷயம், அரசியல்வாதிகள் ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்பது அது. சென்ற மாநாட்டில் என் கட்டுரையைக் கேட்ட நண்பர் ஒருவர், “ஐயா, ஆன்டெனா எங்கள் மண்ணில் நிற்கிறது, அலை காற்றில் போகிறது, இதில் இறையாண்மை எங்கே வந்தது?” என்று கேட்டு அவையைச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். இன்று பதில் சொல்கிறேன்.

சிகாகோ உடன்படிக்கையின் 14ஆம் இணைப்பைத் திறந்து, தடை வரம்புத் தளங்களின், அதாவது கட்டடங்கள் மீறக்கூடாத கற்பனைத் தளங்களின், அட்டவணையைப் பாருங்கள். நம் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டுபவர்களை விரல் விட்டு எண்ணலாம். சட்ட நூல்களில் அது பொறியாளர் வேலை. பொறியாளர் நூல்களில் அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே யாரும் படிப்பதில்லை. சிலேத்தார் தகராறு நடந்தபோது நடப்பில் இருந்த அந்த அட்டவணைப்படி, விமானி கண்ணால் பார்த்து இறங்கும் ஓடுபாதைக்கு அணுகுதளம் 3,000 மீட்டர் வரைதான் நீளும். அதே அளவுள்ள ஓடுபாதை ஐ.எல்.எஸ். போன்ற துல்லியக் கருவியை நம்பினால், அத்தளம் 15,000 மீட்டர் வரை நீளும். முதல் 3 கிலோமீட்டரில் நூற்றுக்கு இரண்டு வீதம் ஏறும். அதன் முடிவில் தளத்தின் உயரம் 60 மீட்டர்தான். அடுத்த 3,600 மீட்டரில் 150 மீட்டரைத் தொடும். துறைமுகப் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் இந்த எண்களுக்கு நடுவே நிற்பவை. பொறியாளர் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: நீளமான ஓடுபாதை எதுவானாலும் அதைச் சுற்றி 4 கிலோமீட்டர் அளவுக்கு 45 மீட்டர் உயரத்தில் ஒரு கிடைத்தளம் உண்டு, கண்பார்வை ஓடுபாதைக்கும் உண்டு. எனவே பாசிர் கூடாங்கின் கரையோரத்துக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை என்று காவ் பூன் வான் பக்கம் நின்று வாதாடலாம். அதற்கு அப்பாலுள்ள நிலத்தைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. என் வீட்டு ஜன்னலுக்குக் காற்று வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுவதை நான் தடுப்பது போன்றது இது. காற்று தேவைதான், ஆனால் அவரைக் கேட்காமல் வரைபடம் போட முடியாது.

இரண்டாவது, சட்டத் தரப்பு. இது சிகாகோ முதல் பிரிவை மீறிய செயல், இறையாண்மை மீட்கப்பட்டதும் தகராறு தீர்ந்தது என்கிறார்கள். இதுவும் சரியில்லை. அதே அட்டவணையின் பக்கத்துப் பத்தியைப் பாருங்கள்: துல்லியம் குறைந்த கருவி அணுகுமுறைக்கும், இதே அளவுள்ள ஓடுபாதையென்றால், 15,000 மீட்டர்தான், அதே இரண்டு வீதச் சரிவுதான். ஜி.பி.எஸ். வழி இறங்கினாலும் தடைகளிலிருந்து விலகல் வேண்டும். செயற்கைக்கோள் புகைபோக்கியைப் பார்த்து ஒதுங்குவதில்லை. பாதையைக் கொஞ்சம் கோணலாக அமைத்துக்கொள்ளும் வசதி அதில் கூடுதல் என்பது உண்மை, ஐ.எல்.எஸ். நடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்கு மேல் விலக முடியாது. ஆனால் தீர்வு அங்கே பிறக்கவில்லை. 2018இல் ஒரு தரப்பு வரைந்து வெளியிட்டது. 2019இல் இரண்டு தரப்பும் உட்கார்ந்து வரைந்தன. மாறியது பேனாவைப் பிடித்த கைகளின் எண்ணிக்கை.

அதனால்தான் நான் 1974ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றித் தொடர்ந்து பேசுகிறேன். தெற்கு ஜொகூர் வான்வெளியைச் சிங்கப்பூர் கையாள்வதற்கு அடிப்படையான ஆவணம், அதன் தலைப்பின்படி, இரண்டு வட்டாரக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு இடையிலான செயற்பாட்டுக் கடிதம். விமானங்களை முறைப்படுத்த அது போதும். புகைபோக்கிக்கு உயரம் குறிக்கப் போதாது. சிகாகோ உடன்படிக்கையின் 11ஆம் இணைப்பில் உள்ள ஒரு குறிப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது: சேவையை ஒப்படைப்பதால் ஒப்படைத்த நாட்டின் இறையாண்மை குறைவதில்லை, ஏற்ற நாட்டின் பொறுப்பு தொழில்நுட்பமும் செயற்பாடும் என்ற எல்லைக்குள் நிற்கும், உடன்பாட்டை எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம். கீழே உள்ளவன் என்ன கட்டலாம் என்பது அந்த எல்லைக்கு உள்ளேயா வெளியேயா? வெளியே என்பதே என் நிலை.

கடிதம் போதாது என்பதற்கு நான் காட்டும் சான்று ஆசியாவில் இல்லை. 2002 ஜூலை 1 இரவு, தெற்கு ஜெர்மனியில் ஊபர்லிங்கன் நகரின் மேல், பாஷ்கிரியன் ஏர்லைன்ஸ் பயணிகள் விமானமும் டி.எச்.எல். சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள். வானம் ஜெர்மனியுடையது, கட்டுப்படுத்தியது சூரிச்சிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸ்கைகைடு. பல ஆண்டு வழக்கத்தில் இருந்த ஏற்பாடு. 2006இல் கான்ஸ்டன்ஸ் வட்டார நீதிமன்றம், அந்த ஒப்படைப்புக்குச் செல்லுபடியாகும் சட்ட அடிப்படை இல்லை, ஆகவே பொறுப்பு ஜெர்மனியுடையது என்று தீர்ப்பளித்தது. நம் பாடத்திட்டங்களில் ஊபர்லிங்கன் மோதல் தவிர்ப்புக் கருவியின் கதையாகவே கற்பிக்கப்படுகிறது. தீர்ப்பை ஒருவரும் கற்பிப்பதில்லை.

முன்பு இதைச் சொன்னபோது, இன்று முன்வரிசையில் இருக்கும் என் மதிப்புக்குரிய பேராசிரியர் ஒருவர், ‘அது கீழமை நீதிமன்றம், ஜெர்மன் அரசமைப்பை ஒட்டியது, நமக்குக் கட்டாது’ என்று எழுதினார். கட்டாது, சரி. ஆனால் பிணங்களை எண்ணிய பிறகு கேட்கப்படும் கேள்வி எந்த நாட்டிலும் அதுதான்: யார் கையெழுத்திட்டார்கள், எந்த அதிகாரத்தில்?

அதற்கு முன்கூட்டியே பதில் தேடியவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு மண்ணில் இருக்கும் பாசல்–முல்ஹௌஸ் விமான நிலையத்தில், தெற்கிலிருந்து சுவிஸ் வீடுகளின் மேலாக வரும், அப்போது 34 என்று எண்ணிடப்பட்டிருந்த ஓடுபாதைக்கு 2007இல் ஐ.எல்.எஸ். வந்தது. அதற்கு முன்பே, 2006இல், தென்திசைத் தரையிறக்கங்கள் 8 விழுக்காட்டைத் தாண்டினால் கூடிப் பேச வேண்டும் என்று இரு நாட்டு விமான அதிகாரிகளும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அங்கே இரைச்சல்தான் பிரச்சினை. ஆனாலும் கீழே இருப்பவனுக்கும் ஓர் எண் உரிமையாகக் கிடைத்தது. சிங்கப்பூரே இந்தோனேசியாவுடன் வேறு வழியில் போயிருக்கிறது: ரியாவ், நாத்துனா வான்வெளி பற்றி 2022 ஜனவரி 25 அன்று பிந்தானில் அரசுகள் மட்டத்தில் ஒப்பந்தம், ஒரு பகுதியை 37,000 அடி வரை 25 ஆண்டுக்கு ஒப்படைக்கும் ஏற்பாடு, நடப்புக்கு வந்தது 2024 மார்ச்சில். அது நல்ல ஒப்பந்தமா என்று ஜகார்த்தாவில் சண்டை போடலாம். சண்டை போட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஜொகூருக்கு இருப்பது கடிதம்.

1974ஆம் ஆண்டு ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்ய உயர்நிலைக் குழு அமைப்பது என்று 2019இல் சொல்லப்பட்டது. அக்குழு எழுதும் உரையில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பிரிவு: அண்டை நிலத்தின் உயர வரம்பை நீட்டிக்கும் எந்த அணுகுமுறையும் இரு நாட்டு நில அமைப்பு அதிகாரிகளின் ஒப்பம் இல்லாமல் வெளியிடப்படலாகாது. விமான அதிகாரிகளின் ஒப்பம் மட்டும் போதும் என்று பிற்பகல் அமர்வில் நம் பேராசிரியர் வாதிடப்போவதாகக் கட்டுரைச் சுருக்கத்தில் படித்தேன். அவருக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் முதல் ஐந்து நிமிடத்தை எனக்கு ஒதுக்கும்படி அமர்வுத் தலைவரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். 14ஆம் இணைப்பின் அட்டவணையைப் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.