விசைக் கருவிகளில் பெட்ரோல் கெடாமல் காப்பது எப்படி?

(தூத்துக்குடி மாவட்ட மானாவாரி உழவர்களுக்கான பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



விதையைக் காயவைத்துப் பூச்சி அண்டாமல் பாதுகாக்கிறோம். உரமூட்டை நனையாமல் பார்த்துக் கொள்கிறோம். பூச்சிமருந்து வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். ஆனால் பெட்ரோலும் நாள்பட்டால் கெட்டுப்போகும் பொருள் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. விசைத் தெளிப்பான், களையெடுக்கும் பவர் வீடர், புதர் வெட்டும் கருவி, மரம் அறுக்கும் இயந்திர வாள் ஆகிய சிறு இயந்திரங்கள் பருவத் தொடக்கத்தில் கிளம்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் பழைய பெட்ரோலே காரணமாக இருக்கிறது.

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டிப் பகுதிகளின் கரிசல் நிலங்களில் வேலை முழுவதும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே நடக்கிறது. புரட்டாசியில் தொடங்கி ஏறத்தாழ தை வரை கருவிகளுக்கு வேலை உண்டு. பிறகு ஏழு மாதம் அவை மூலையில் கிடக்கும். அந்த ஏழு மாதமும் வெயில் கடுமையான காலம். கடலை ஒட்டிய ஊர்களில் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்து கொள்கின்றன. தொட்டியில் மிச்சம் விட்ட கால் லிட்டர் பெட்ரோல் இத்தனையையும் தாங்காது.

இதனால் வரும் இழப்பு, மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியோடு முடிவதில்லை. கரிசல் மண்ணில் மழைக்குப் பின் களையெடுக்கும் பதம் சில நாள்களே நிற்கும். மண் அதற்கு முன் சேறு, அதற்குப் பின் இறுகல். மக்காச்சோளத்தில் 2018 முதல் நம்மை வருத்தும் படைப்புழுவை, அது இளம்புழுவாக இருக்கும்போதே மருந்து குருத்துக்குள் விழும்படி தெளித்துக் கட்டுப்படுத்த வேண்டும். புழு வளர்ந்து குருத்துக்குள் மறைந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. இத்தகைய நாளில் இயந்திரம் கிளம்பவில்லை என்றால் நட்டம் பயிருக்குத்தான்.

பெட்ரோல் ஏன் கெடுகிறது?

பெட்ரோல் என்பது பல பொருள்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் பகுதியே குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்ப உதவுகிறது. நாள்பட்டால் முதலில் பறந்து போவது அதுவே. எஞ்சிய பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பிசினாக மாறுகிறது. கார்புரேட்டரில் உள்ள ஜெட்டின் துளை குண்டூசி முனை அளவே இருக்கும். சிறிது பிசின் படிந்தாலும் அது அடைபட்டுவிடும்.

இதனுடன் இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025இல் நாடு முழுவதும் பரவியது. கரும்பாலைக் கழிவுப்பாகு, அரிசி, நாம் விளைவிக்கும் மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்தே எத்தனால் தயாராகிறது. ஆகவே உழவர்கள் அதைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. அதன் குணத்தை அறிந்து நடந்தால் போதும்.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பத்து சதவீதம் எத்தனால் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி நீரையே தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். 20 சதவீதக் கலவை இன்னும் சற்று அதிக நீரைத் தாங்கும். ஆனால் மழை நாளில் மூடி சரியாக மூடப்படாத கேனில் அந்த அளவும் மீறிவிடலாம். இயந்திரம் எரிபொருளை எடுப்பது தொட்டியின் அடியிலிருந்துதான். டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு நாம் கலந்த ஆயில் மேலே உள்ள பெட்ரோலில் நின்றுவிட, அடியில் தங்கிய நீர்க்கலவை ஆயில் இல்லாமலே உள்ளே போகும். அப்போது பிஸ்டன் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். மேலும், எத்தனாலுக்கு ஏற்றதாகச் செய்யப்படாத பழைய கருவிகளில் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் உப்பி, பிறகு வெடித்துவிடுகின்றன.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

1. ஒரு மாதத்திற்குள் தீரும் அளவே பெட்ரோல் வாங்க வேண்டும். ஆயில் கலந்த பெட்ரோலை அன்றன்றைய வேலைக்குத் தேவையான அளவு மட்டும் கலப்பது சிறந்தது.

2. இறுக்கமான மூடியுள்ள உலோகக் கேனையே பயன்படுத்த வேண்டும். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, உரிமம் இன்றி ஒருவர் சொந்த உபயோகத்திற்கு வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர். ஓர் உலோகக் கலன் 25 லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது.

3. கேனில் வாங்கிய தேதியைச் சாக்பீஸாலாவது எழுதி வைக்க வேண்டும்.

4. கேனை நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு ஊர்ந்து அடுப்பு வரை செல்லும். ஆகையால் சமையலறையிலோ குடியிருக்கும் அறையிலோ வைக்கவே கூடாது.

5. டூ-ஸ்ட்ரோக் கருவிகளுக்கு ஆயில் அளவைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. 25க்கு 1 என்று குறிப்பிட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 40க்கு 1 என்றால் 25 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. முதலில் பாதி பெட்ரோலில் ஆயிலை விட்டுக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோலைச் சேர்க்க வேண்டும்.

பருவம் முடிந்ததும்

கருவியை மூலையில் வைப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவிடுங்கள். இயந்திரம் ஆறிய பிறகு, திறந்தவெளியில், தீயும் பீடியும் அண்டாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும்.

1. தொட்டியில் உள்ள பெட்ரோல் முழுவதையும் கேனில் வடித்துவிடவும்.

2. பிறகு இயந்திரத்தைக் கிளப்பி, தானே நிற்கும்வரை ஓடவிடவும். இதனால் குழாயிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோல் எரிந்து தீரும். கார்புரேட்டரின் அடியில் வடிதிருகு உள்ள கருவிகளில் அதையும் திறந்து, மிச்சத்தை வடிக்கவும்.

3. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியே சிறிது ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்த பின் பிளக்கை மாட்டவும். சிலிண்டரில் துரு ஏறாது.

4. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யவும்.

5. கருவியைத் துடைத்து, பலகை மேல் வைத்துச் சாக்கால் மூடவும். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளுக்கு அருகில் வைத்தால் இரும்பு விரைவில் அரிக்கும்.

தொட்டி நிறையப் பெட்ரோல் விட்டு வைத்தால் கெடாது என்று சிலர் கூறுவதுண்டு. தொட்டியில் காற்று குறையும் என்பது சரியே. ஆனால் கார்புரேட்டரில் தங்கும் சிறிதளவு பெட்ரோல் பிசினாவதை அது தடுக்காது. ஏழு மாத ஓய்வுக்கு வடித்து வைப்பதே நல்லது.

டீசல் இயந்திரங்களுக்கு வேறு முறை

நம் மாவட்டத்தில் நிலத்துக் கருவிகள் விழிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் உப்பளங்களின் பம்புசெட்டுகள் ஓய்வெடுக்கின்றன. டீசல் எளிதில் ஆவியாவதில்லை. அதற்குப் பகை, தொட்டியின் வெற்றிடத்தில் குளிர்ந்து துளியாகும் நீர். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழுவழுப்பான கசடாகி வடிகட்டியை அடைத்துவிடும். ஆகவே டீசல் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். மீண்டும் கிளப்பும் முன் அடியில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும்.

மீண்டும் பருவம் தொடங்கும்போது

விதைப்பு நாளன்று கருவியைத் தேட வேண்டாம். ஆவணிக் கடைசியிலேயே புதுப் பெட்ரோல் ஊற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குழாயில் வெடிப்பு, தொட்டி வடிகட்டியில் அடைப்பு உள்ளதா என்று கவனியுங்கள். இருபது சதவீத எத்தனாலுக்கு ஏற்றதா என்பதைக் கருவியின் கையேட்டிலோ விற்பனையாளரிடமோ தெரிந்துகொண்டு, தேவையானால் குழாயை மாற்றுங்கள்.

கேனில் உள்ள பெட்ரோலில் ஐயம் இருந்தால், சிறிது எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ, வார்னிஷ் போன்ற புளித்த வாடை வந்தாலோ அதைப் பயன்படுத்த வேண்டாம். அடுப்பு மூட்டவோ குப்பை கொளுத்தவோ அதை ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. கிணற்றருகிலும் வாய்க்காலிலும் கொட்டக் கூடாது. கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைத்து விடுங்கள்.

கடன் பட்டோ மானியம் பெற்றோ வாங்கிய கருவி நமக்கு வேலை செய்ய வேண்டியது ஆண்டில் சில நாள்களே. அந்த நாள்கள் நம் வசதிக்குக் காத்திருப்பதில்லை. தை முடியும்போது தொட்டியை வடித்து வைப்பவருக்குப் புரட்டாசியில் முதல் இழுப்பிலேயே இயந்திரம் கிளம்பும் வாய்ப்பு மிகுதி. இந்த எளிய முறைகளைக் கையாண்டு, பருவத்தே பயிர் செய்து பயனடையுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.