எக்மோ கருவியில் நோயாளி: குடும்பத்தார் அறிய வேண்டியவை

(நைனார்பாளையம் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





2016 டிசம்பர் 4 அன்று இதயம் நின்றுபோன முதல்வர் ஜெயலலிதாவுக்கு எக்மோ கருவி வைத்தார்கள். 2020இல் கொரோனா கண்ட பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் ஒரு மாதத்துக்கும் மேலாக அதில் இருந்தார். இருவரும் பிழைக்கவில்லை. அதனால் ‘எக்மோ வைத்தால் மௌத்துதான்’ என்ற பேச்சு நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. அது சரியல்ல. மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காதபோதுதான் இதை வைக்கிறார்கள். அப்படியும் ஏறக்குறைய பாதிப்பேர் உயிரோடு வீடு திரும்புவதாக உலகப் பதிவுகள் சொல்கின்றன.

இக்கருவி உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மறுபடியும் உள்ளே அனுப்புகிறது. நோயைக் குணப்படுத்தாது, இதயமும் நுரையீரலும் தேறுவதற்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் சிக்கல்களும் வரும்.

பிளாஸ்டிக் குழாயில் ஓடும் ரத்தம் உறையப் பார்க்கும். உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து கொடுப்பார்கள். மருந்து கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். ‘எத்தனை தடவைதான் எடுப்பார்கள்’ என்று சண்டை போடக் கூடாது. மூளையில் கசிவு இருக்கிறதா என்று கண்மணியைப் பார்ப்பார்கள். தொடையில் குழாய் போட்டிருந்தால் கால் சில்லிடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். கிருமித் தொற்று வரலாம். சிறுநீரகம் சோர்ந்தால் டயாலிசிஸ் தேவைப்படலாம். இவையெல்லாம் எப்போதும் கவனக்குறைவால் வருபவை அல்ல.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை நான்கு. டாக்டரிடம் பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். நோயாளி ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிட்டு வந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ரத்தம் கொடுக்க ஆட்களைத் தயாராக வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லுமா என்று நிலத்தை விற்கும் முன் மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

தினமும் மூன்று கேள்வி கேளுங்கள்: இன்று நேற்றைவிடத் தேவலையா? புதிதாக என்ன சிக்கல்? எந்த நிலை வந்தால் கருவியை எடுப்பீர்கள்?

மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் நமக்கு நா எழுவதில்லை. ‘அத்தாவின் கருவியை எடுக்கச் சம்மதித்தால் நாமே கொன்றதாகாதா?’ என்று பிள்ளைகள் கலங்குகிறார்கள். 1986இல் ஜோர்டானின் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஆராய்ந்தது. மூளையின் செயல்பாடு முழுவதும் நின்று, இனி மீளாது என்று நிபுணர்கள் உறுதி செய்துவிட்டால், கருவியின் உதவியால் இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவியை எடுக்கலாம் என்று அது முடிவு செய்தது. அந்நிலையை எட்டாத நோயாளி விஷயத்தில் டாக்டரையும் நம் ஆலிம்களையும் சேர்த்து வைத்துக் கேளுங்கள். ஐ.சி.யூ. வாசலில் உறவினர் கூட்டம் போடும் சத்தத்தில் முடிவெடுக்காதீர்கள்.

நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் உங்கள் ரத்த வகையை நம் அறக்கட்டளைப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். நள்ளிரவில் ஒரு குடும்பம் தவிக்கும்போது அந்தப் பட்டியல் உதவும், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.